மின்சார ஸ்மோக்கரில் மரக்கட்டை: கேள்வி பதில்

இறைச்சியை மெல்லப் புகையில் வேகவைக்க மின்சார ஸ்மோக்கர் வாங்கிய பலரும் ஒரே புலம்பல்தான்: வேகிறது, ஆனால் புகை மணம் ஏறவில்லை, மரச்சீவலுக்குப் பதில் மரக்கட்டை போடலாமா? தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலிக்கிறது, இங்கேயே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அண்ணா, சீவல் தட்டில் கட்டை ஒன்று வைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஓரம் மட்டும் கருகியிருக்கிறது. எங்கே தப்பு?

கட்டையிலும் தப்பில்லை, உங்களிடமும் தப்பில்லை தம்பி, அந்தப் பெட்டியைச் செய்த விதமே அப்படி. சுற்றிலும் நல்ல இன்சுலேஷன், அடியில் 800 வாட் அல்லது கொஞ்சம் கூடுதலான, மின்சாரத்தில் சூடாகும் கம்பிச்சுருள், அதாவது காயில். நீங்கள் வைத்த 110 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் தெர்மோஸ்டாட் காயிலை அணைத்துவிடும், சூடு இறங்கினால்தான் திரும்பப் போடும். மரம் ஒழுங்காகப் புகைய வேண்டுமானால் அதன் மேல்பரப்பாவது 250, 300 டிகிரிக்குப் போக வேண்டும். சீவல் மெல்லியது, காயில் எரிகிற அந்தக் கொஞ்ச நேரத்திலேயே கருகிப் புகைந்துவிடும். கட்டையோ சூட்டை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும், அது சூடாவதற்குள் காயில் அணைந்துவிடும்.

கேள்வி: அப்படியென்றால் கட்டையைக் காயில் மேலேயே வைத்துவிட்டால்?

வேண்டாம். தணல் உடைந்து கொழுப்பு வடிகிற தட்டில் விழுந்தால் பெட்டிக்குள் தீப்பிடிக்கும். சில ஸ்மோக்கர்களில் கட்டைக்கென்றே கனமான இரும்புப் பெட்டி ஒன்று காயிலை ஒட்டி இருக்கும், அதில் தாராளமாகப் போடலாம். மற்றவற்றில் சீவல் தட்டு இருக்கும் இடத்தில் சின்ன வார்ப்பிரும்புச் சட்டி வைக்கலாம், சட்டி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் காயில் அணைந்தாலும் கட்டை கொஞ்ச நேரம் புகைந்துகொண்டிருக்கும். புகையின் அளவு கூடும். தரம் கூடுமா என்றால், அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

கேள்வி: சார், சட்டி வைத்த பிறகு வெள்ளை வெளேரென்று புகை கொட்டுகிறது. ஆனால் கறி கசக்கிறது, நாக்கே மரத்த மாதிரி இருக்கிறது.

கட்டையா சீவலா என்பதைவிட முக்கியமான விஷயம் இதுதான், காற்று. மரம் சூடானதும் அதிலிருந்து ஆவிகள் கிளம்பும். மரத்துக்கு உறுதி தருகிற லிக்னின் என்ற பொருள் சிதையும்போது வருகிற குவாயகால், சிரிங்கால் போன்ற சேர்மங்கள்தான் நமக்குப் பிடித்த அந்தப் புகை மணத்தைத் தருகின்றன. அவற்றோடு தாரும் கசப்பான இன்னும் பல சரக்குகளும் சேர்ந்தே வரும். போதுமான ஆக்சிஜனும் சூடும் இருந்தால் அந்தக் கனமான ஆவிகளில் பெரும்பகுதி எரிந்துபோய், மெல்லிய நீலச்சாயல் புகை மட்டும் மிஞ்சும். கரி ஸ்மோக்கரில் நெருப்பு அணையாமல் இருக்கவே காற்று ஓடியாக வேண்டும், அதனால் இது தானாக நடந்துவிடுகிறது. மின்சாரக் காயிலுக்குக் காற்றே தேவையில்லை, ஆகவே ஓட்டைகளைச் சின்னதாக வைத்து முடித்துவிடுகிறார்கள். அதற்குள் பெரிய கட்டையைத் திணித்தால் மூச்சு முட்டிப் புழுங்குமே தவிர எரியாது, எரியாத தார் சுவரிலும் கறியிலும் படியும். மேலே உள்ள வெளியேறும் ஓட்டையை எப்போதும் முழுசாகத் திறந்து வையுங்கள். புகையை உள்ளே பூட்டி வைக்கிறேன் என்று அதை மூடுகிறவர்கள் கசப்பைத்தான் பூட்டி வைக்கிறார்கள்.

கேள்வி: கடைசியில் என்னதான் செய்வது அண்ணா?

நெருப்பைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவாருங்கள். மூடி உள்ள கனமான இரும்புப் பெட்டி ஒன்று, கீழ்ப்பக்கம் காற்று நுழைய நாலைந்து ஓட்டை, மேல்பக்கத்திலிருந்து ஸ்மோக்கருக்குச் சுமார் 75 மில்லிமீட்டர் அகல உலோகக் குழாய். பல மாடல்களில் பக்கவாட்டில் சீவல் போடும் குழல் இருக்கும், அதை உருவிவிட்டால் அந்தத் துளையிலேயே குழாயைச் செருகலாம், ட்ரில்லே வேண்டாம். இரும்புப் பெட்டியில் நன்றாகப் பற்றிய கரித்துண்டு இரண்டு மூன்று, அதன்மேல் மடக்கிய கை அளவில் ஒரு கட்டை. அவ்வளவுதான். சூட்டைக் காயில் பார்த்துக்கொள்ளும், புகையை மட்டும் இந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

குழாய் ஸ்மோக்கரை நோக்கி மேலேறிப் போகட்டும், அப்போதுதான் உள்ளே படியும் தார் நீர் திரும்ப நெருப்புப் பெட்டிக்கே வடியும், கறிப் பக்கம் வராது. துத்தநாகம் பூசிய தகரத்தை நெருப்புப் பெட்டியாக்காதீர்கள், அதிகச் சூட்டில் வரும் துத்தநாக ஆவி உடம்புக்கு ஆகாது. பிளாஸ்டிக் பூச்சுள்ள குழாயைச் சொல்லவே வேண்டாம்.

கேள்வி: செய்துவிட்டேன், ஆனால் புகை ஸ்மோக்கருக்குள் போகாமல் நெருப்புப் பெட்டி இடுக்கு வழியாகவே வெளியே வருகிறது.

ஸ்மோக்கர் குளிர்ந்து கிடந்தால் இழுக்காது. முதலில் காயிலைப் போட்டு ஸ்மோக்கரைச் சூடாக்குங்கள், உள்ளே உள்ள காற்று மேலேறத் தொடங்கியதும் புகையைத் தானே இழுக்கும். போதவில்லையென்றால் மேல் ஓட்டையில் அரை மீட்டர் குழாயைப் புகைபோக்கி மாதிரி நிறுத்துங்கள். விசிறி வைத்து ஊதாதீர்கள், சாம்பல் பறந்து கறிமேல் உட்காரும்.

கேள்வி: என் மாடலில் பக்கத்துளை இல்லை. ட்ரில் போட்டால் ஆபத்தா?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கத் தகட்டைக் கழற்றி வயர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பிறகே போடுங்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவே இன்சுலேஷன் இருக்கும், விளிம்பை உணவுக்கு உகந்த, சூடு தாங்கும் சிலிக்கோன் பசை வைத்து அடைக்க வேண்டும். வாரண்டி போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலர் அதிகச் சூட்டில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சைத் தாண்டி வயர் கொடுத்தால் காயில் நிற்காமல் எரியும் என்று யோசனை சொல்கிறார்கள், அதை மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: கட்டையைத் தண்ணீரில் ஊறவைக்கலாமா? எந்த மரம் நல்லது?

ஊறவைக்க வேண்டாம். தண்ணீர் தோலளவுதான் இறங்கும், அது ஆவியாகி முடிகிறவரை கட்டை சூடேறாது. நன்றாகக் காய்ந்த கடினமான மரம், பழமரம் எதுவும் சரி. பைன் மாதிரி பிசின் உள்ள மரம், பெயின்ட் அடித்தது, பிளைவுட், என்ன மருந்து பூசியது என்று தெரியாத பழைய பலகை, இவற்றைத் தொடாதீர்கள்.

கேள்வி: கரியில் சமைத்த கறியில் ஓரமாக இளஞ்சிவப்பு வளையம் வருமே, எனக்கு வந்ததே இல்லை.

நெருப்பில் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறிக்குச் சிவப்பு நிறம் தருகிற மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்ந்தால்தான் அந்த நிறம் நிற்கும். காயில் அதைத் தராது, வெளிப்பெட்டியில் கரி எரிந்தால் ஓரளவு வரும். ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பார்க்க அழகு, அவ்வளவுதான்.

கேள்வி: மழை நாளில் உள்ளே வைத்து, ஜன்னலைத் திறந்துகொண்டு செய்யலாமா?

கூடவே கூடாது. இப்போதுதான் கார்பன் மோனாக்சைடு என்றேன், மணமும் நிறமும் இல்லாத அது ஆளையே கொல்லும். திறந்தவெளியில் மட்டும். ஸ்மோக்கருக்குள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறந்து பார்க்காதீர்கள், காற்று பாய்ந்து தீ எகிறும். மின்சாரத்தை நிறுத்தி, எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டுக் காத்திருங்கள்.

கேள்வி: மொத்தம் எவ்வளவு கட்டை தேவைப்படும்?

கறியின் மேல்பரப்பு குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருக்கும்போதுதான் புகை நன்றாகப் படியும். அதனால் முதல் மூன்று நான்கு மணி நேரத்துக்குப் போட்டால் போதும், ஒரு கட்டை தணலாகிச் சுருங்கியதும் அடுத்தது. அதன்பிறகு நெருப்பு அணைந்தால் அணையட்டும், மீதி வேலையைக் காயில் முடித்துவிடும்.