பிள்ளைக்கு நிறை குறைவா, உயரம் குறைவா?

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு மூன்று வயது. உயரம் 87 சென்ரிமீற்றர், நிறை 11 கிலோ. வயதுக்கு நிறை குறைவு என்று கிளினிக்கில் எழுதிவிட்டார்கள். பிள்ளைமடுவத்தில் (தோட்டத்துப் பகல் பராமரிப்பு நிலையத்தில்) உடம்பு பரவாயில்லை என்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் குள்ளம்தான். எதை நம்புவது?"

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் உங்கள் மகனின் உண்மையான பிரச்சினை உயரம்.

உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி, மூன்று வயதுப் பையனின் இடைய உயரம், அதாவது உயர வரிசையில் நடுவில் நிற்கும் பையனின் உயரம், 96.1 சென்ரிமீற்றர். நியம விலகல், அதாவது அந்த நடு அளவிலிருந்து பிள்ளைகள் வழமையாக விலகும் அளவு, 3.7. மகன் 9.1 சென்ரிமீற்றர் குறைவு. 3.7ஆல் வகுத்தால் ஏறக்குறைய -2.5. இதுதான் இசட் மதிப்பு, அதாவது நடு அளவிலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளியிருக்கிறார் என்பது. -2க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியிருக்கிறது என்று அர்த்தம். வயதுக்கான நிறையில் -2 கோடு 11.3 கிலோவில் இருக்கிறது, அதற்கும் கீழேதான் இருக்கிறார். ஆனால் 87 சென்ரிமீற்றர் உயரமுள்ள பையனுக்கு -2 கோடு 10.4 கிலோதான். ஆக, உயரத்துக்கேற்ற நிறை இருக்கிறது, மெலிவு இல்லை.

நிறையை மட்டும் இப்படிக் கழித்து வகுக்கக் கூடாது. நடு நிறைக்குக் கீழே இருப்பதைவிட மேலே, பருமன் பக்கம், பிள்ளைகளின் நிறைகள் கூடுதலாகப் பரவியிருக்கும். அந்தச் சமமின்மையைக் கணக்கில் எடுத்துத்தான் கிளினிக் வளர்ச்சி அட்டையின் கோடுகளைப் போட்டிருக்கிறார்கள்.

சரி, முதலில் உயரத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். செருப்பு, தொப்பி இல்லாமல், குதிகால் சுவரில் ஒட்டி நிற்க வேண்டும். அளவு 2 சென்ரிமீற்றர் பிசகியிருந்தாலே மகன் -2 கோட்டுக்கு மேலே வந்துவிடுவார்.

"நாங்கள் குள்ளம்தான்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். 2006இல் வந்த இந்த அட்டவணைக்கு இந்தியா, கானா, நோர்வே உட்பட ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்தார்கள். நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்த இடத்தில் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் வளர்ந்தார்கள். 2016 கணக்கெடுப்பில் இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 17 வீதம் பேர் வளர்ச்சி குன்றியவர்கள். தோட்டங்களில் 32 வீதம். இது வம்சத்தின் குறையல்ல. பெற்றோரும் அதே குறைகளோடு வளர்ந்தவர்கள்தானே.

நிறையைக் கூட்டுவதற்காகச் சீனித் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்தால் உடம்பு ஊதும், உயரம் கூடாது. முட்டை, நெத்தலி, பருப்பு, கீரை கொடுங்கள். அடிக்கடி வயிற்றோட்டம் வந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அட்டையில் உயரக் கோடு எந்த மாதத்தில் சரியத் தொடங்கியது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தாலோ, இரு பாதமும் வீங்கினாலோ, அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.