கொடைக்கானல் வில்லாவா, அண்ணா நகர் மாடியா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, வயது 61. மதுரை அண்ணா நகரில் சொந்த வீடு. கீழே நானும் கணவரும் இருக்கிறோம். 9,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருந்த மாடி வீடு நான்கு மாதமாகக் காலி. ஓய்வுக்காலப் பணமும் ஊரில் நிலம் விற்ற பங்கும் சேர்த்து 60 லட்சம் வங்கியில் இருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் கொடைக்கானலில் வில்பட்டி பக்கம் இரண்டு படுக்கையறை வில்லா ஒன்று பார்த்திருக்கிறான், விலை 48 லட்சம். ஏர்பிஎன்பி என்ற ஆன்லைன் நாள்வாடகைத் தளத்தில் போட்டால் மாதம் ஒரு லட்சம் வரும் என்கிறார் புரோக்கர். "புதுப் பாலம் வந்தாச்சு, ராமேஸ்வரத்தில் வாங்குங்க மதினி" என்கிறார் கொழுந்தனார். மதுரையைத் தாண்டி எதுவும் வேண்டாம் என்கிறார் கணவர். எங்கே வாங்கலாம்? வில்லாவுக்கு வெள்ளிக்கிழமைக்குள் 2 லட்சம் டோக்கன் கேட்கிறார்கள்.
– வாசகி, மதுரை

பதில்: டீச்சர், அந்த ஒரு லட்சத்தை முதலில் பிரித்துப் பார்த்துவிடுவோம். ஒரு ராத்திரிக்கு 6,000 ரூபாய், மாதம் 17 ராத்திரி. புரோக்கரின் கணக்கு இப்படித்தான் இருக்கும். வருஷத்துக்கு 204 ராத்திரி வருகிறது. ஒரு வருஷத்தில் இருக்கும் வெள்ளி, சனி ராத்திரிகள் மொத்தமே 104. அத்தனையும் நிரம்பினாலும் இன்னும் 100 ராத்திரிக்கு வாரநாளில் ஆள் பிடிக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பிடித்துவிடலாம். ஜூலை மழையிலும், நவம்பரில் மலைப்பாதையில் மரம் விழுந்து கிடக்கும்போதும் யார் வருவார்கள்?

என் கணக்கை இப்படிப் போடுகிறேன். வார இறுதியில் 70, சீசன் வாரநாட்களில் 30, ஆக 100 ராத்திரி. சராசரி வாடகை 5,000 என்றால் வருஷத்துக்கு 5 லட்சம். இதில் ஏர்பிஎன்பி தளத்தின் கமிஷன் 15 சதவீதம் என்று வைத்தால் 75,000. மாதம் 12,000 சம்பளத்தில் ஒரு கேர்டேக்கர், அது 1,44,000. துணி வெளுக்க, வீடு துடைக்க 40,000. கரண்ட், லாரித் தண்ணீர், இன்டர்நெட் எல்லாம் சேர்த்து 60,000. மலையில் ஈரம் சுவரைச் சும்மா விடாது; பெயின்ட், ஒழுகல், மரவேலை என்று 50,000. வீட்டு வரி, இன்சூரன்ஸ் 15,000. கையில் நிற்பது 1,16,000. மாதத்துக்கு அல்ல, வருஷத்துக்கு.

இதற்கு நீங்கள் போடுவது 48 லட்சம் மட்டும் இல்லை. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம், அது 4,32,000. கட்டில், சோபா, கீசர், சமையலறைச் சாமான் என்று ஆறு லட்சமாவது ஆகும். ஆக 58 லட்சத்துக்கு மேல். அந்தப் பணத்துக்கு வருமானம் 2 சதவீதம்கூட இல்லை. சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தாலே கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும். என் எண்கள் எல்லாம் உத்தேசம்தான். விசாரித்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். 100 ராத்திரியை 140 ஆக்கினாலும் புரோக்கர் சொன்ன இடத்துக்கு அது வந்து சேராது.

இடத்தின் விலை ஏறுமே என்று உங்கள் மகன் கேட்பார். ஏறலாம். ஆனால் மலையில் வாங்குவது சுலபம், விற்பது கஷ்டம். விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் நீண்டகால மூலதன ஆதாய வரி. அதோடு கொடைக்கானலில் அரசும் நீதிமன்றமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வாரநாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள்தான் என்று உயர் நீதிமன்றம் உச்சவரம்பே வைத்தது. மலைக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி ஏப்ரல், மே என்ற அந்த இரண்டு மாதத்தில் வர வேண்டியது என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்று. குடியிருப்புக்கு அனுமதி வாங்கிய கட்டடத்தில் விடுதி நடத்தினார்கள், வரைபடத்தை மீறிக் கட்டினார்கள் என்று கொடைக்கானலில் எத்தனையோ கட்டடங்களுக்குச் சீல் வைத்திருக்கிறார்கள். "எல்லாரும் நடத்துறாங்க" என்று புரோக்கர் சொன்னால் கட்டட அனுமதி நகலைக் காட்டச் சொல்லுங்கள். என்ன உபயோகத்துக்கு அனுமதி, எத்தனை மாடிக்கு அனுமதி என்று அதில் இருக்கும். அப்புறம் 'ஹோம்ஸ்டே' என்ற சொல். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் அந்தப் பெயருக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது: ஒன்று முதல் ஆறு அறை வரை, வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். பெங்களூரிலும் மதுரையிலும் உட்கார்ந்துகொண்டு வில்பட்டியில் நடத்துவதற்குப் பெயர் ஹோம்ஸ்டே இல்லை.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து குற்றாலத்தில் ஒரு வீடு வாங்கினோம். சாரல் சீசனில் அள்ளிவிடலாம் என்று நினைப்பு. போன் பண்ணும்போதெல்லாம் "கூட்டமே இல்ல சார்" என்பார் காவலுக்கு வைத்த ஆள். ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினேன். வீட்டில் எட்டுப் பேர் கொண்ட குடும்பம் ஒன்று படுத்திருந்தது. அதில் ஒரு பெரியவர் எழுந்து என்னைப் பார்த்து, "நீங்க யாரு தம்பி, ரூம் வேணுமா?" என்றார். அடுத்த வருஷமே விற்றோம். பதிவுச் செலவைக் கழித்தால் கைநஷ்டம்.

அன்றிலிருந்து இடம் பார்க்கும்போது நான் இரண்டு கேள்விதான் கேட்பது. குழாய் உடைந்தது என்று காலை ஏழு மணிக்குப் போன் வந்தால் எட்டு மணிக்குள் அங்கே போய் நிற்க முடியுமா? விருந்தாளி வருவது நின்றுபோனால் அடுத்த மாதமே ஒரு குடும்பம் அதில் வாடகைக்கு வந்து உட்காருமா? வில்பட்டி வில்லா இரண்டிலும் தோற்கிறது. மதுரையிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம். சீசனில் வத்தலக்குண்டு தாண்டினால் கடவுள் விட்ட வழி.

ராமேஸ்வரமும் அதே கதைதான். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து ரயில் மறுபடியும் தீவுக்குள் போகிறது, கூட்டமும் வருகிறது. ஆனால் அங்கே வருகிறவர்கள் 22 தீர்த்தம் ஆடி, சாமி கும்பிட்டு, தனுஷ்கோடி பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசைக்கு இடம் கிடைக்காது. மற்ற நாளில் மடங்களோடும் சத்திரங்களோடும் நீங்கள் விலையில் போட்டி போட முடியாது. உப்புக் காற்று ஏசியையும் குழாயையும் தின்றுவிடும். கடற்கரை ஓரமென்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வேறு. 170 கிலோமீட்டர் தள்ளி இத்தனை வம்பு எதற்கு?

உங்கள் கணவர் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. மதுரைக்கு யார் யார் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் ராமேஸ்வரத்துக்கோ கொடைக்கானலுக்கோ போய்விடுவார்கள். அவர்களை மட்டும் நம்பினால் போதாது. அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மேலூர் ரோட்டில் மீனாட்சி மிஷன் மருத்துவமனை, அதே ரோட்டில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை. வழக்குக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து இரண்டு நாள் தங்குகிறவர்களுக்குச் சீசன் கிடையாது. ஆவணியிலும் தையிலும் வைகாசியிலும் முகூர்த்தத்துக்கு வரும் உறவுக்கூட்டம். பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு வைகைக்கு வடகரையில் ஓர் அறை கிடைத்தால் கேட்ட காசு கொடுப்பார்கள். கொடைக்கானலில் இரண்டு மாதம் காய்த்துப் பத்து மாதம் காயும் மரம், இங்கே வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்க்கிறது.

ஆனால் மதுரையில் வாங்கினால் கொட்டும் என்றும் சொல்ல மாட்டேன். 32 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். பதிவும் சாமானும் சேர்த்து 38 லட்சம். ஒரு ராத்திரி 1,800 வீதம் 150 ராத்திரி, 2,70,000. எல்லாச் செலவும் போக 1,34,000 நிற்கும். அதே ஃபிளாட்டை மாதம் 11,000-க்குக் குடித்தனம் விட்டால் 1,32,000! 2,000 ரூபாய்க்காக 150 தடவை சாவி கொடுத்து வாங்கி, பெட்ஷீட் எண்ணி, விமர்சனத்துக்குப் பதில் எழுத வேண்டும். 150-க்கு மேல் ஏறும் ராத்திரிகள்தான் உங்கள் உழைப்புக்குக் கூலி. வரியிலும் குடித்தனத்துக்குச் சலுகை: வீட்டு வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு. நாள் வாடகைக்குச் சேவையோடு விட்டால் அது பெரும்பாலும் தொழில் வருமானமாகப் போகும், கணக்கு எழுத வேண்டும். வீட்டு இணைப்பு கரண்டும் வணிகக் கட்டணத்துக்கு மாற வேண்டியிருக்கும்.

மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கம் வாங்கலாமா என்று ஒரு சபலம் வரும். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது, அதனால் பிற்பாடு அந்த உயரத்துக்கு மேல் மாடி ஏற்ற வழியில்லை. கார் நிறுத்த இடம் இல்லை. அண்ணன் தம்பி பாகம் பிரியாத சொத்தும், கோயில் இடத்தில் நிற்கும் கட்டடமும் அங்கே சகஜம். கோயில் நிலமென்றால் பதிவே ஆகாது. அந்தப் பகுதியை நான் தவிர்ப்பேன்.

சரி, எங்கேதான் வாங்குவது? இப்போதைக்கு எங்கேயும் வேண்டாம். நீங்கள் கேள்வியில் போகிற போக்கில் சொன்ன அந்தக் காலி மாடிதான் என் கண்ணில் படுகிறது. அண்ணா நகர், அரவிந்துக்குப் பக்கம், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டும் தூரமில்லை. கீழே நீங்களே குடியிருக்கிறீர்கள், ஹோம்ஸ்டே என்ற பெயருக்கும் பொருத்தம். 3 லட்சம் செலவு செய்து பெயின்ட், இரண்டு கட்டில், ஏசி, கீசர், குடிதண்ணீர் மெஷின் போடுங்கள். 1,500 ரூபாய்க்கு விட்டு, அதில் 40 சதவீதம் செலவு என்று வைத்தால் மாதம் 10 ராத்திரிக்கு 9,000 கையில் நிற்கும். பழைய வாடகைக்குச் சமம். 10-க்குக் கீழே போனால் குடித்தனக்காரரே மேல். 15, 18 என்று போனால் உங்களுக்கு இந்தத் தொழில் கைவரும். ஒரு வருஷம் நோட்டுப் போட்டு எழுதுங்கள்: யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள், எத்தனை நாள் தங்கினார்கள். அடுத்த வீட்டை எங்கே வாங்குவது என்பதை அந்த நோட்டே சொல்லும். மருத்துவமனைக்காரர்கள் அதிகமென்றால் அண்ணா நகர், கே.கே. நகர், கோர்ட்டுக்காரர்கள் என்றால் ஒத்தக்கடைப் பக்கம்.

வருகிற எல்லாரிடமும் அடையாள அட்டை நகல் வாங்குங்கள். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அவர் விவரத்தை ஏற்ற வேண்டும். வருஷ வரவு 20 லட்சத்தைத் தொடாதவரை நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. தளம் வழியாக வரும் புக்கிங்குக்கு அந்தத் தளமே ஜிஎஸ்டி வசூலித்துக் கட்டிவிடும்.

பணத்தை இப்படிப் பிரிக்கலாம். 30 லட்சம் அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும், துணி வெளுக்கும் வேலை இல்லாமல். 3 லட்சம் மாடிக்கு. 5 லட்சம் ஆஸ்பத்திரி, அவசரத்துக்கு. மீதி 22 லட்சம் ஒரு வருஷ வைப்புநிதியில் கிடக்கட்டும். வருஷம் முடிந்து வாங்கலாம் என்று தோன்றினால் அதைப் போடுங்கள். குறைகிற பணத்தை உங்கள் மகன் தன் பெயரில் கடன் வாங்கிப் போடட்டும், அவர் பங்கையும் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். சொந்தப் பணம் இறங்கும்போது 17 ராத்திரிக் கணக்கை அவரே இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை டோக்கன் கொடுக்க வேண்டாம். கெடு வைத்துப் பணம் கேட்கும் இடத்தில் வில்லங்கச் சான்றையும் மூலப் பத்திரத்தையும் கேட்டுப் பாருங்கள், கெடு தானாகத் தள்ளிப்போகும். மாடிக்கு வெளியிலிருந்து தனிப் படி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் கூடத்தின் வழியாகத்தான் ஏற வேண்டும் என்றால், ஏசிக்கு முன்னால் அந்தப் படிக்கட்டைக் கட்டுங்கள்.