மெர்சிடிஸ்-பென்ஸ் ஓஎம் 312 டீசல் எஞ்சின்: காலையில் வெள்ளைப் புகை, காட்டி எரியவில்லை

ஐயா, டீசல் பம்ப்பைக் கழற்ற வேண்டாம். காலையில் கிராங்க் செய்யும்போது வெள்ளைப் புகை, டேஷ்போர்டில் குளோ காட்டிக் கம்பி (குளோ பிளக்குகளுக்கு மின்சாரம் போவதைக் காட்டுவது) சிவக்கவில்லை என்கிறீர்கள். புகை வருகிறதே, டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை, அவ்வளவுதான். 4.6 லிட்டர் ஓஎம் 312 முன் அறை எஞ்சின், அதாவது டீசல் முதலில் ஒரு சிறு அறையில் பற்றும்; குளிரில் அந்த அறையைச் சூடாக்கும் குளோ பிளக் இல்லாமல் பற்றாது.

இதில் ஆறு பிளக்கும் பழைய சீரியல் பல்பு மாதிரி ஒரே வரிசை. ஒன்று அறுந்தால் ஆறும் செத்தது. டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையை நல்ல எர்த்தில் (எஞ்சினின் வெறும் உலோகத்தில்) கவ்வி, குளோ சுவிட்சைப் பிடித்தபடி, மின்சாரம் நுழையும் பக்கத்திலிருந்து ஒவ்வொரு முனையாகத் தொடுங்கள். எந்தப் பிளக்கைத் தாண்டியதும் விளக்கு அணைகிறதோ அதுதான் அறுந்தது. இணைப்புப் பட்டையில் துரு இருந்தாலும் இதேதான், முதலில் அதைத் தேய்த்து எடுங்கள்.

கடையில் கொடுக்கும் பென்சில் பிளக்கை நடுவில் போடாதீர்கள். அதன் உடம்பே எர்த். வரிசை அங்கேயே முடிந்துவிடும். இரு முனையும் காப்பிடப்பட்ட, கம்பிச் சுருள் வகைதான் வேண்டும். மாட்டுமுன் துளையில் கரியைச் சுரண்டுங்கள். கரி சுருளைத் தொட்டால் எர்த்தாகி, காட்டி சட்டென்று அளவுக்கு மீறிச் சிவக்கும், மின்சாரம் அதற்கு முன் கடந்து வரும் பிளக்குகள் கருகும். ஸ்டார்ட் ஆக அடிக்கும் ஈதர் ஸ்ப்ரே மட்டும் வேண்டவே வேண்டாம்.