பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி சோல் இசைக்கு மாறியபோது பின்னணிப் பாடகர்களுக்கு ஏன் அவ்வளவு இடம் கொடுத்தார்?

அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களில் ஒருவர் பாட, மற்றவர்கள் மறுமொழி சொல்லும் மரபிலிருந்தே சோல் இசை வளர்ந்தது என்பதால், அதில் பின்னணிக் குரல் வெறும் அலங்காரம் அன்று. பாட்டின் சரிபாதி அதுவே. பளபளக்கும் உடையும் ஒப்பனையுமாக மேடையேறும் கிளாம் ராக் இசையின் உச்சத்திலிருந்த போவி இதை நன்கு உணர்ந்திருந்தார் என்றே நான் கருதுகிறேன்.

1974 ஆகஸ்டில் அவர் பிலடெல்பியாவின் சிக்மா சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்றபோது, கிதார் கலைஞர் கார்லோஸ் அலோமர், அவருடைய மனைவி ராபின் கிளார்க், போவியுடன் ஏற்கெனவே பாடிவந்த ஏவா செர்ரி ஆகியோரோடு, அப்போது பெயர் பெறாத இளைஞரான லூதர் வான்ட்ராஸும் அங்கிருந்தார். 'யங் அமெரிக்கன்ஸ்' பாடலுக்குப் பல்லவியில் இப்படிப் பாடலாமே என்று வான்ட்ராஸ் நண்பர்களிடம் பாடிக்காட்டியதைக் கேட்ட போவி, உடனே அதை ஏற்றுக்கொண்டு, குரல் அமைப்புப் பொறுப்பையும் அவரிடமே தந்தார். அந்தப் பாடலைக் கவனித்துக் கேளுங்கள்: போவி மூச்சிரைக்கச் சொற்களை அடுக்கிக்கொண்டே போக, குழுவினரின் குரல்கள் அவரைத் தாங்கிப் பிடிக்கின்றன, பிற்பகுதியில் பீட்டில்ஸின் ஒரு வரியைப் பாடுவதும் அவர்கள்தான்.

வான்ட்ராஸ் எழுதிய ஒரு பாடலும் சொற்கள் மாற்றப்பட்டு, 'ஃபாசினேஷன்' என்ற பெயரில் 1975இல் வெளிவந்த 'யங் அமெரிக்கன்ஸ்' இசைத் தொகுப்பில் இடம்பெற்றது.