காதிஷும் மூன்று மொழிகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மும்பையின் லிபரல் (சீர்திருத்த வழி) யூத சபை பற்றிப் படித்தேன். எபிரேயம், மராத்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழி புழங்கினால் வழிபாட்டின் புனிதம் குறைந்துவிடாதா? அல்லது ஒவ்வொரு ஜெபத்தையும் மூன்று மொழியிலும் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நிறைவாக இருக்குமா? வெளியாட்கள் போகலாமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

போகலாம், முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். புனிதக் கவலையை விட்டுவிடுங்கள். 'இறைவன் ஒருவரே' என்று அறிக்கையிடும் ஷெமா ஜெபத்தை எந்த மொழியிலும் சொல்லலாம் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவே அனுமதிக்கிறது. 1925இல் அந்தச் சபையைத் தொடங்கிய டாக்டர் ஜெருஷா ஜிராத் லண்டனில் படித்த மகப்பேறு மருத்துவர். அவர் பிறந்த பெனே இஸ்ரேல் என்ற இந்திய யூதச் சமூகத்தின் வீட்டு மொழி மராத்தி. பொருள் தெரியாமல் உதட்டை மட்டும் அசைப்பதில் என்ன பக்தி?

ஆனால் எல்லாவற்றையும் மூன்று முறை சொல்வது அன்பல்ல, சோம்பேறித்தனம். முக்கால் மணி நேர வெள்ளிக்கிழமை மாலை வழிபாடு இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். தன் மொழி முடிந்ததும் ஒவ்வொருவரும் பக்கம் புரட்டத் தொடங்குவார்கள். பங்கிட்டுக் கொடுக்க வேண்டும்: ஷெமாவும், வழிபாட்டுக்கு அழைக்கும் பாரெகுவும் எபிரேயத்தில், வேதத்தின் சங்கீதப் பாடல் ஒன்று மராத்தியில், அடுத்தது ஆங்கிலத்தில். பிரசங்கம் ஒரே மொழியில். மற்ற மொழியில் அரைப்பக்கச் சுருக்கம் அச்சடித்துக் கொடுத்தால் போதும். புத்தகம் வலப்புறமிருந்து திறப்பதால் புதியவர்கள் தடுமாறுவார்கள், அதனால் பக்க எண்ணை மட்டும் இரண்டு மொழியிலும் சொல்லுங்கள்.

உண்மையான பிரச்சினை காதிஷில்தான். துக்கம் நேர்ந்த வீட்டார் எழுந்து நின்று சொல்லும் ஜெபம் அது. அதன் பெரும்பகுதி எபிரேயம்கூட அல்ல, அதற்கு நெருங்கிய பழைய மொழியான அரமேயம். பல ஆண்டுகள் ஜெப ஆலயப் பக்கமே வராதவர் அன்றைக்கு வந்து நிற்கிறார், எபிரேய எழுத்து தெரியாது. அவர் கையில் ரோமன் எழுத்தில் அச்சிட்ட தாளைக் கொடுக்கிறார்கள். தொண்டையில் எழும் 'க்' ஒலி அதில் ch என்று இருக்கும். ஆங்கிலம் படித்த கண் 'யித்பாரக்' என்பதை 'யித்பாரச்' என்று வாசிக்கும், 'பெரிக் ஹூ' 'பெரிச் ஹூ' ஆகிவிடும். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அப்பாவை இழந்து வந்தவருக்கு இது நேரலாமா? மராத்தி வாசிப்பவருக்கு தேவநாகரியில் கொடுங்கள். அதில் 'ख' எழுத்தின் கீழ் புள்ளியிட்டு அந்தத் தொண்டை ஒலியைக் காட்டலாம். ஒரு மூச்சுக்கு ஒரு வரி, பெரிய எழுத்து. சபை சேர்ந்து சொல்லும் 'யெஹே ஷ்மே ரபா' வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் அவர் தனியாகச் சொல்லத் தொடங்கிப் பின்தங்கிவிடுவார். நடத்துபவர் ஒவ்வொரு வரி முடிவிலும் நின்று, துக்கத்தில் இருப்பவரின் வாயைப் பார்த்துத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்