சுகர் உள்ளவர்கள் புரோட்டீன் பவுடர் சாப்பிட்டால் மாரடைப்பு வருமா?

கேள்வி: வயது 54, எட்டு வருடமாகச் சுகர். சோற்றைக் குறைத்துக்கொண்டு இரண்டு வேளை புரோட்டீன் பவுடரும் முட்டை வெள்ளைக்கருவும் எடுக்கிறேன். சுகர் இறங்கிவிட்டது. ஆனால் புரதம் குடலில் விஷமாகி மாரடைப்பைக் கொண்டுவரும் என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. நிறுத்திவிடவா டாக்டர்?

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்தச் செய்தி பயமுறுத்துகிறதே தவிர, முழுப் பொய் இல்லை.

புரதத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்துவிடும். மிச்சம்தான் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு முதல் தீனி நார்ச்சத்து. அது தீர்ந்துபோனால் புரதத்தின் சிறு துண்டுகளான அமினோ அமிலங்களில் கைவைக்கும். அவற்றில் ஒன்றான ஃபினைல்அலனினிலிருந்து பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பொருளைக் கல்லீரல் ஃபினைல்அசிட்டைல்குளுட்டமினாக மாற்றுகிறது. இது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைத் தூண்டி ரத்தம் எளிதில் உறையச் செய்கிறது என்று அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். ரத்தத்தில் இது கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்திருந்தன.

டிரிப்டோஃபேன் என்ற இன்னொரு அமினோ அமிலத்தின் கதை வேறு மாதிரி. ஒருவகை பாக்டீரியா அதை இண்டோலாக்கும். கல்லீரல் அதை இண்டாக்சில் சல்ஃபேட்டாக்கும். ரத்தக்குழாயின் உட்சுவருக்கு அது ஆகாது. இன்னொரு வகை அதே டிரிப்டோஃபேனை இண்டோல்புரோப்பியானிக் அமிலமாக்கும். பின்லாந்தில் நடந்த ஆய்வில் இது ரத்தத்தில் அதிகம் இருந்தவர்களுக்குச் சுகர் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. அவர்கள் நார்ச்சத்தும் கூடுதலாகச் சாப்பிட்டவர்கள்.

அதனால் நான் கவலைப்படுவது உங்கள் தட்டில் என்ன இல்லை என்பதைப் பற்றித்தான். முட்டை வெள்ளைக்கருவில் நார்ச்சத்து துளியும் கிடையாது, பவுடரிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஒரு வேளைப் பவுடரை விட்டுவிட்டு, ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலை சாப்பிடுங்கள்: சுமார் 14 கிராம் புரதம், 12 கிராம் நார். முதல் வாரம் அரை கப் போதும், இல்லாவிட்டால் வயிறு உப்பும். மதியம் கீரையோ அவரைக்காயோ ஒரு கை கூடவே இருக்கட்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்தக் கழிவுகளை வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்தால் எல்லாம் ரத்தத்திலேயே தேங்கும். சுகர்காரர்களுக்கு அது சத்தமில்லாமல் தளரும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு), சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் (சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டுவது), இரண்டையும் இந்த வாரமே பாருங்கள். விகிதம் 30ஐ (mg/g) தாண்டியிருந்தாலோ கிரியாட்டினின் ஏறியிருந்தாலோ பவுடரை நிறுத்திவிட்டு, ரிப்போர்ட்டோடு உங்கள் டாக்டரிடம் போங்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம்தான் கணக்கு. கடலையில் பொட்டாசியமும் உண்டு; ரத்தத்தில் அது ஏறியிருந்தால் கடலையின் அளவையும் அவரே சொல்ல வேண்டும்.