டிஸ்னி வேர்ல்ட், யூனிவர்சல்: பிள்ளைகள், மாமியாரோடு போனால் எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

உங்கள் கேள்வி இது: பள்ளி விடுமுறையில் இரண்டு பிள்ளைகளையும் வயதான அம்மாவையும் கூட்டிக்கொண்டு இந்தியாவிலிருந்து அமெரிக்கா போகிறீர்கள். ஃப்ளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோவில் இருக்கிற டிஸ்னி வேர்ல்ட், யூனிவர்சல் என்ற பொழுதுபோக்குப் பூங்காக்கள் இரண்டும் கொடுக்கிற காசுக்குத் தகுமா, எத்தனை நாள் வேண்டும், டிசம்பர் சரிப்படுமா?

நாங்கள் 2025 மே மாதம் போய்வந்தோம். நான், வீட்டுக்காரர், 12 வயது மகள், ஆறரை வயது மகன், 68 வயது அத்தை. அத்தை என்றால் மாமியார். பொள்ளாச்சிப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அட்லாண்டாவில் நாத்தனார் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு, அங்கிருந்து காரில் ஃப்ளோரிடா. அங்கங்கே நிறுத்தி நிறுத்திப் போனதில் ஆர்லாண்டோ சேர 8 மணி நேரம் ஆனது. டிஸ்னிக்கு 3 நாள், யூனிவர்சலுக்கு 2 நாள் டிக்கெட் வாங்கியிருந்தோம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை பார்க் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால் வீட்டிலேயே இரண்டு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளையின் உயரம் எவ்வளவு, பெரியவரால் ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்க முடியும். நாங்கள் இரண்டையும் எடுக்காமல் டிக்கெட் வாங்கினோம்.

டிஸ்னியில் பெரிய ரைடு ஒவ்வொன்றுக்கும் ஒரு உயர வரம்பு உண்டு. ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலுக்கு 97 செ.மீ., ஸ்பேஸ் மௌண்டனுக்கு 112, ட்ரானுக்கு 122. வயதைப் பார்க்கவே மாட்டார்கள், உயரம்தான். டிஸ்னியின் போன் ஆப்பிலும் போட்டிருக்கிறது, ரைடு வாசலிலும் போட்டிருக்கிறது. படிக்காமல் போனது எங்கள் தப்பு. என் மகன் அப்போது 109.

ஸ்பேஸ் மௌண்டன் வாசலில் நின்ற பெண் அளவுக்கோலை எடுத்துவந்து அவன் பக்கத்தில் நிறுத்தினார். இவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குதிகாலைத் தூக்கினான். அவர் சிரித்தபடியே குனிந்து, அவன் ஷூவை விரலால் தட்டினார். கால் இறங்கியது. கோலுக்கும் தலைக்கும் நடுவில் ஒன்றரை விரல் இடைவெளி. அன்றைக்குக் காலையில்தான் எண்ணெய் வைத்துத் தலையைப் படியப் படிய வாரிவிட்டிருந்தேன். "நீ எண்ணெய் வச்சதாலதாம்மா" என்று சாயங்காலம் வரை என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தான்.

வாசலிலேயே அளந்துவிடுவது ஒரு வகையில் நல்லது. ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு திருப்பி அனுப்பினால் இன்னும் மோசம். அப்புறம், சிறு பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ரைடர் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது, கூடுதல் காசு கிடையாது. குடும்பத்தோடு வாசலில் போய்க் கேட்க வேண்டும். முதலில் ஒருவர் ஏறிவிட்டு வர, இன்னொருவர் பிள்ளையோடு வெளியே இருக்கலாம். பிறகு அவர் நீள வரிசையில் நிற்காமல் வேக வரிசையில் போய்விடலாம். எங்களுக்கு அதில் ஒரு லாபம்: மகள் அப்பாவோடு ஒரு தடவை, என்னோடு ஒரு தடவை என்று இரண்டு முறை ஏறினாள். தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு ரொம்பச் சிரிக்காமல் இருந்தாள், அதற்கு அவளைப் பாராட்ட வேண்டும்.

இனி நடை. டிஸ்னி வேர்ல்ட் மொத்தம் ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர். அதற்குள் மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு தனித்தனிப் பார்க்குகள். மேஜிக் கிங்டத்தில் கார் நிறுத்துகிற இடத்துக்கும் பார்க் வாசலுக்கும் நடுவில் ஒரு ஏரியே இருக்கிறது. மோனோரயிலிலோ படகிலோ கடக்க வேண்டும். பூட்டிய காரிலிருந்து உள்ளே கால் வைக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. முதல் நாள் முடிவில் நடந்தது 19,000 காலடி என்று என் போன் காட்டியது.

அத்தைக்குத் தோட்டத்தில் நடந்து பழக்கம்தான். ஆனால் தோட்டத்தில் நினைத்த இடத்தில் வரப்பில் உட்காரலாம். இங்கே சிமெண்ட் தரை, வெயில், கூட்டம். பன்னிரண்டு மணிக்கெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும் என்று வீட்டுக்காரர் சொன்னதும், "என்னையப் பாத்தா சீக்காளியாட்டமா இருக்குது?" என்று ஒரே போடு. அன்றைக்கு வேறு வழியில்லாமல் இரண்டு மணிக்கே ஓட்டலுக்குத் திரும்பினோம். அறைக்குப் போனதும் அவரே, "நாளைக்கு அந்த வண்டி எவ்வளவுன்னு கேளு சாமி" என்றார். மறுநாள் வாசலிலேயே எடுத்துவிட்டோம். சாய்வில் தள்ளிக்கொண்டு போவது அவர் பிள்ளை பாடு.

இதில் ஒரு தவறான நம்பிக்கை நம் ஆட்களிடம் இருக்கிறது. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டால் முன்னால் அனுப்பிவிடுகிறார்களே, அதுபோல இங்கேயும் வரிசையைத் தாண்டலாம் என்று. கிடையாது. பெரும்பாலான வரிசைகளே நாற்காலி போகிற அகலத்தில்தான் இருக்கின்றன. எல்லாரோடும் சேர்ந்துதான் நிற்க வேண்டும். வரிசையைக் குறைக்க வேண்டுமென்றால் காசுதான்: லைட்னிங் லேன். திருப்பதி 300 ரூபாய் டிக்கெட் மாதிரி என்று அத்தைக்கு விளக்கினேன், உடனே புரிந்துவிட்டது. அதிலும் நிற்க வேண்டும், கொஞ்சம் குறைவாக நிற்க வேண்டும், அவ்வளவே. டிஸ்னி ஓட்டலில் தங்காதவர்கள் 3 நாள் முன்னதாகக் காலை 7 மணியிலிருந்து ஆப்பில் எடுக்கலாம். மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் வாங்குங்கள். மற்றதற்கு நாங்கள் வாங்கவில்லை, வருத்தமும் இல்லை.

இந்தப் பயணத்தில் எனக்கு மறக்காமல் இருப்பது கோட்டையும் இல்லை, வாணவேடிக்கையும் இல்லை. எப்காட்டில் 'லிவிங் வித் தி லேண்ட்' என்று ஒரு படகு சவாரி. உயர வரம்பு இல்லை, குலுக்கல் இல்லை, 14 நிமிடம். முதலில் பொம்மைக் காட்சிகள் வந்தன, அத்தை அசையவில்லை. பிறகு படகு நிஜமான பசுமைக்குடில்களுக்குள் நுழைந்தது. வாழை, கத்தரி, பந்தலில் தொங்குகிற பெரிய பெரிய பூசணி. ஓரிடத்தில் செடிகளை வேரோடு அந்தரத்தில் தொங்கவிட்டு, சத்து கலந்த தண்ணீரை வேரின்மேல் தெளித்துக்கொண்டிருந்தது ஒரு இயந்திரம். மண்ணே கிடையாது. அத்தை படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்துவிட்டார். "இத்தனைக்கும் கரண்டு பில்லு எவ்வளவு வரும்? நமக்குத்தான் ஃப்ரீ கரண்டு, இவங்களுக்கும் உண்டா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இறங்கியதும், "இன்னொருக்கா போலாமா கண்ணு?" இத்தனை நாளில் அவராக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். இரண்டாவது தடவையும் போனோம். கத்தரிச் செடியைப் போட்டோ எடுக்கச் சொல்லி ஊரில் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

அதே எப்காட்டில் ஒரு ஏரியைச் சுற்றி 11 நாடுகளுக்குத் தனித்தனி அரங்கு. மெக்சிகோவில் தொடங்கி, சீனா, ஜப்பான், மொராக்கோ என்று கனடா வரை. "நம்மளுது எங்க?" என்று கேட்டார் அத்தை. இல்லை. நம் நாட்டை அனிமல் கிங்டத்தில்தான் தேட வேண்டும். அங்கே ஆனந்தபூர் என்று கற்பனையாக ஒரு ஆசிய ஊர் கட்டியிருக்கிறார்கள்; பெயிண்ட் உதிர்ந்த சுவர், கிழிந்த போஸ்டர், எல்லாம் வேண்டுமென்றே செய்தது. "இதைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம், நம்ம பஸ் ஸ்டாண்டு மாதிரியே இருக்கு" என்றாள் மகள். பக்கத்தில் 'எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்' ரோலர் கோஸ்டர். அதுவும் 112. மகன் கோலைப் பார்த்ததுமே திரும்பி நடந்துவிட்டான். காளி ரிவர் ரேபிட்ஸுக்கு 97 போதும் என்பதால் அதில் ஏற்றினோம், தொப்பலாக நனைந்து வந்தான், கோபம் தீர்ந்தது. சாமி பெயரை இதற்கு வைக்கலாமா என்பது அத்தையின் கேள்வி.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். டிஸ்னியில் வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. எலுமிச்சை சாதமும் சப்பாத்தி ரோலும் பையில் போட்டுக்கொண்டு போனோம். பையைத் திறந்து பார்ப்பார்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்; சாப்பாட்டு கவுண்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் சும்மாவே தருவார்கள். யூனிவர்சலில் வெளிச் சாப்பாட்டுக்குக் கட்டுப்பாடு அதிகம். ஒரு வேளை நல்லபடியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் அனிமல் கிங்டம் லாட்ஜில் சனா என்ற உணவகம். நாண் போன்ற ரொட்டி வகைகளோடு ஒன்பது தொட்டுக்கைகள் வைக்கிறார்கள், கொத்தமல்லிச் சட்னியும் பூண்டு ஊறுகாயும் அதில் உண்டு. கண்ணாடிக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேய்கிறது. அங்கே தங்காதவர்களும் முன்பதிவு செய்து சாப்பிடலாம்.

மழையைப் பற்றி யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஃப்ளோரிடாவில் கோடை நெருங்கினாலே மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் கட்டிக்கொள்ளும். மின்னல் தெரிந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், ஓட்டல் நீச்சல் குளத்தையும் மூடிவிடுவார்கள். அதனால் வாசல் திறப்பதற்கு முன்பே போய் நின்று, ஒரு மணிக்குள் முக்கியமானதை முடித்துவிடுவது உத்தமம்.

யூனிவர்சல் பற்றி எனக்குக் கொஞ்சம் கசப்பு. பார்க் நன்றாகத்தான் இருக்கிறது, என் மகனுக்கு ஏற்றதாக இல்லை என்பதுதான் விஷயம். ஹாரி பாட்டர் பகுதியில் ஹாக்ரிட் பைக் ரைடுக்கு 122, கோட்டைக்குள் இருக்கிற ரைடுக்கு 122. கிரிங்காட்ஸ் வங்கிக்கு மட்டும் 107, அதில் தப்பித்தான். யூனிவர்சலின் பழைய இரண்டு பார்க்குக்கும் நடுவில் ஓடுகிற ஹாக்வார்ட்ஸ் ரயிலில் எல்லாரும் ஏறலாம், ஆனால் இரண்டு பார்க்குக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தவர்களுக்கு மட்டும். மகளுக்கோ யூனிவர்சல்தான் சொர்க்கம். வெலாசிகோஸ்டர் என்ற ரோலர் கோஸ்டருக்கு 130 செ.மீ. வேண்டும், அப்பாவை இழுத்துக்கொண்டு இரண்டு தடவை போனாள், அவர் இரண்டாவது முறை இறங்கி வந்தபோது பேச்சே வரவில்லை. எபிக் யுனிவர்ஸ் என்ற புதுப் பார்க் மே 22 அன்று திறந்தது. நாங்கள் 20ஆம் தேதி கிளம்பிவிட்டோம். இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள். உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் 122ஐத் தாண்டியிருந்தால் யூனிவர்சலுக்கு 2 நாள் தாராளமாகக் கொடுங்கள். இல்லையென்றால் 1 நாள், அல்லது விட்டுவிடுங்கள்.

காசு. டிஸ்னியில் ஒரு நாள் டிக்கெட் 2025இல் தேதியையும் பார்க்கையும் பொறுத்து ஏறத்தாழ 120 முதல் 200 டாலர் வரை இருந்தது. நாள் கூடக் கூட ஒரு நாளுக்கான விலை குறையும். 3 வயதுக்குக் கீழே இலவசம். 10 வயதானால் பெரியவர் கணக்கு. 3 முதல் 9 வரையுள்ள பிள்ளைகளுக்கும் பெரிய சலுகை என்று சொல்ல முடியாது. கார் நிறுத்த நாங்கள் போனபோது 30 டாலர். விலைப்பலகையில் வரி சேர்ந்திருக்காது, பில்லில்தான் வரும். நாங்கள் தங்கிய ஓட்டலில் 'ரிசார்ட் ஃபீ' என்று இரவுக்கு இவ்வளவு என்று தனியாகச் சேர்த்தார்கள், பதிவு செய்யும்போது கண்ணில் படவில்லை. அறை வாடகையைப் பார்க்காதீர்கள், கடைசி மொத்தத்தைப் பாருங்கள்.

தகுமா என்றால், எங்களுக்கு டிஸ்னி 3 நாள் தகும், யூனிவர்சலின் இரண்டாம் நாள் தகாது. இன்னொரு தடவை போனால் நடுவில் ஒரு நாளைச் சும்மா விடுவேன். நாங்கள் ஐந்து நாளையும் தொடர்ச்சியாகப் போட்டோம், நான்காம் நாள் காலை யாருக்கும் யாரையும் பிடிக்கவில்லை.

டிசம்பர் விஷயம். நம் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடுகிற வாரம், அங்கே கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் வருகிற வாரம். வருடத்திலேயே கூட்டமும் டிக்கெட் விலையும் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். மே மாதம் நமக்கு முழு விடுமுறை, அங்கே பெரும்பாலான பள்ளிகள் இன்னும் நடந்துகொண்டிருக்கும். நாங்கள் தப்பித்ததே அதனால்தான். மே கடைசித் திங்கள் அங்கே மெமோரியல் டே என்ற பொது விடுமுறை, அதற்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். டிசம்பரை மாற்றவே முடியாது, உறவினர் வீடும் கலிஃபோர்னியா பக்கம் என்றால் அனஹைமில் உள்ள டிஸ்னிலேண்டைப் பாருங்கள். 1955இல் திறந்த, வால்ட் டிஸ்னி உயிரோடு இருந்தபோதே கட்டிய பழைய பார்க் அது. அதற்கும் பக்கத்தில் இருக்கிற இன்னொரு டிஸ்னி பார்க்குக்கும் எதிரெதிர் வாசல், நடந்தே மாறலாம், 2 நாள் போதும். அம்மாவின் முழங்காலுக்கும் அதுதான் தோது. ஆனால் அந்த வாரக் கூட்டம் அங்கேயும் உண்டு.